இரண்டாவது சேலையை விற்பது எப்படி

முதல் சேலையை யார் வேண்டுமானாலும் விற்றுவிடலாம். ஒரு ரீல்ஸ் ஓடினால் போதும். விலை ஐம்பது ரூபாய் குறைந்திருந்தால் போதும். தீபாவளிக்கு முந்தைய வாரம் என்றால் அதுவும் வேண்டாம். வீட்டிலிருந்தபடி வாட்ஸ்அப்பிலும் இன்ஸ்டாகிராமிலும் சேலை விற்கும் தொழிலில் காசு கையில் நிற்பது இரண்டாவது சேலையில்தான். 900 ரூபாய்ச் சேலையில் 150 ரூபாய் நிற்கும் என்று வைத்துக்கொள்வோம். முதல் தடவை வாங்குபவருக்கு நான்கு போட்டோ, இரண்டு வீடியோ, "லாஸ்ட் ரேட் சொல்லுங்க" பேரம், விலாசத்தில் பின்கோடு விட்டுப்போய் மறுபடி ஒரு போன் என்று ஒரு மணி நேரம் ஓடிவிடும். விளம்பரத்துக்குப் பணம் கட்டியிருந்தால் அந்த 150-ம் போயிற்று. அதே பெண்மணி மூன்று மாதம் கழித்து, "நாத்தனாருக்கு ஒண்ணு வேணும், நீங்களே பார்த்து எடுத்து வைங்க" என்று எழுதினால் ஐந்து நிமிட வேலை.

அந்த ஒரு வரியைச் சம்பாதிக்க இனிக்க இனிக்கப் பேச வேண்டியதில்லை. தினமும் காலையில் பூப்படம் போட்டு வணக்கம் சொல்லும் கடையை மக்கள் மியூட்டில் போட்டுவிட்டுப் போய்விடுகிறார்கள். தன்னை ஞாபகம் வைத்திருக்கிற, கோளாறு என்றால் போனை எடுக்கிற கடைதான் அவர்களுக்கு வேண்டும்.

ஞாபகத்தைத் தலையில் வைக்கக் கூடாது, நோட்டில் வைக்க வேண்டும். கூகுள் ஷீட் என்றால் இன்னும் நல்லது. ஒருவருக்கு ஒரு வரி. பெயர், போன் எண், ஊர், பின்கோடு, வாங்கியது, கொடுத்த விலை எல்லாம் எல்லோரும் எழுதுவதுதான். பயன்படுவது அதற்கு அடுத்த கட்டங்கள்: எப்படிக் கூப்பிட்டால் பிடிக்கும், எந்த நிறம் தொடவே மாட்டார், கரை பெரிதா சிறிதா, ரவிக்கைத் துணி சேலையோடு வேண்டுமா, என்ன குறை சொன்னார். ஒரு வரி இப்படி இருக்கும்: "ஸ்ரீரங்கம். டீச்சர். காட்டன் மட்டும். பெரிய பார்டர் ஆகாது. 1,200க்கு மேல் போக மாட்டார். கறுப்பு வேண்டாம். பகலில் வீடு பூட்டியிருக்கும், பார்சல் எதிர்வீட்டில்." அடுத்த முறை அவருக்கு இருபது படம் அனுப்ப வேண்டாம். பொருத்தமான மூன்றை அனுப்பினால் ஒன்று போய்விடும்.

கூப்பிடும் விதம் சின்ன விஷயமாகத் தெரியும். இன்ஸ்டாவில் எல்லோரும் எல்லோரையும் "சிஸ்" என்கிறார்கள். ஐம்பத்தைந்து வயது ஓய்வுபெற்ற தலைமையாசிரியையும் சிஸ்தான், கல்லூரிப் பெண்ணும் சிஸ்தான். பெரியவர்களுக்கு அம்மா, நடுவயதுக்காரர்களுக்கு அக்கா, அலுவலகத் தோரணையில் எழுதுபவருக்கு மேடம் என்று அவர்கள் எழுதும் தமிழைப் பார்த்தே முடிவு செய்யலாம். கோயம்புத்தூர்ப் பக்கத்துக்காரரிடம் "அனுப்புங்க" என்பதற்குப் பதில் "அனுப்பு" என்று கைதவறி எழுதிவிட்டால் அத்தோடு கதை முடிந்தது. வயதானவர்களுக்குத் தட்டச்சு செய்வது சிரமம். வாய்ஸ் மெசேஜ் போடுவார்கள். அவர்களுக்குப் பதிலும் வாய்ஸிலேயே போக வேண்டும், அரை நிமிடத்துக்குள்.

வாட்ஸ்அப் பிசினஸில் லேபிள் வசதி இருக்கிறது, 20 லேபிள் வரை வைக்கலாம். பணம் வரவில்லை, பணம் வந்தது, பேக் ஆனது, அனுப்பியாயிற்று என்று ஆர்டரின் நிலையைப் பிரிக்க அது போதும். ஆனால் வாடிக்கையாளர் விவரம் முழுவதையும் அதில் மட்டும் வைத்திருப்பது ஆபத்து. பலர் ஒரே சமயத்தில் பிளாக் செய்தாலோ ரிப்போர்ட் செய்தாலோ அந்த எண்ணை வாட்ஸ்அப் முடக்கிவிடும். பல வருஷத்துப் பழக்கம் ஒரே காலையில் போய்விடும். ஷீட் இருந்தால் வேறு எண்ணிலிருந்து மறுபடி தொடங்கலாம்.

புதிதாக வருபவர்கள் அதிகம் தடுக்கி விழும் இடம் பிராட்காஸ்ட், அதாவது ஒரே செய்தியைப் பலருக்கும் தனித்தனியாக அனுப்பும் வாட்ஸ்அப் வசதி. ஒரு பட்டியலில் 256 பேர் வரை சேர்க்கலாம், சரி. ஆனால் உங்கள் எண்ணைத் தன் போனில் சேவ் செய்தவருக்கு மட்டுமே அது போய்ச் சேரும். 256 பேருக்கு அனுப்பிவிட்டு ஒரு ஆர்டரும் வரவில்லை என்று தலையில் கைவைப்பார்கள்; அந்த 256 பேரில் பலருக்குப் படமே போயிருக்காது. ஸ்டேட்டஸ் இன்னும் கறார்: இரண்டு பேரும் ஒருவர் எண்ணை மற்றவர் சேவ் செய்திருக்க வேண்டும். ஆகவே முதல் பார்சலுக்குள் ஒரு சீட்டு வைக்க வேண்டும். அதில் நன்றி வசனம் எதுவும் வேண்டாம். கடைப் பெயர், எண், "இந்த எண்ணைச் சேவ் செய்தால்தான் புதுச் சேலைப் படம் வந்து சேரும்" என்ற ஒரு வரி, பின்பக்கம் அந்தச் சேலையை எப்படித் துவைப்பது என்ற குறிப்பு. முதல் தடவை உப்புத் தண்ணீரில் அலசுங்கள், தனியாகத் துவையுங்கள், நிழலில் காயவையுங்கள் என்று எழுதியிருந்தால் அந்தச் சீட்டு பீரோவுக்குள் சேலையோடு தங்கும். விளம்பரச் சீட்டு குப்பைக்குப் போகும்.

பிராட்காஸ்ட் பட்டியலை வாங்குபவரின் ருசிக்குத் தகுந்தபடி பிரித்து வையுங்கள். காட்டன்காரர்கள் ஒரு பட்டியல், பட்டு வாங்குபவர்கள் இன்னொன்று, 700 ரூபாய்க்குள் தேடுபவர்கள் வேறொன்று. வாரம் இரண்டு முறை, ஒரு முறைக்கு ஆறு படம், ஒவ்வொன்றின் கீழும் தபால் செலவு சேர்த்த விலை. "விலைக்கு இன்பாக்ஸ் வாங்க" என்று போடுவது ஆளுக்குத் தகுந்த விலை சொல்வார்கள் என்ற சந்தேகத்தைத்தான் விதைக்கும். அந்தச் சந்தேகம் பல கடைகளில் உண்மையும்கூட. ஸ்டேட்டஸை தினமும் பார்த்து ஒன்றுமே வாங்காதவர்கள் இருப்பார்கள். அவர்களைத் துரத்திப்போய் "ஏன் மேடம் ஒண்ணும் எடுக்கல" என்று கேட்கவே கூடாது. பார்ப்பது இலவசம் என்றே அவர் பார்க்கிறார். வீட்டில் கல்யாணம் வரும்போது அவர் முதலில் நினைப்பது தினமும் பார்த்த கடையைத்தான்.

இனி நிறம். இந்தத் தொழிலில் உறவு முறிவது பெரும்பாலும் நிறத்தில்தான், அதனால் இதைக் கொஞ்சம் விரிவாகவே பார்க்கலாம். டியூப் லைட்டில் எடுத்த படத்தில் மெரூன் பழுப்பாகும், மஞ்சள் எல்இடியில் வெந்தய நிறம் ஆரஞ்சாகும், போன் கேமரா தானாகவே நிறத்தைத் தூக்கிக் காட்டும், வாங்குபவரின் திரை அதற்கு மேல் ஒரு பங்கு கூட்டும். காலை பத்து மணிக்கு மேல் மாலை நான்குக்குள், நேர் வெயில் படாத ஜன்னலோரத்தில், வெள்ளைத் துணி ஒன்றைப் பக்கத்தில் வைத்துப் படமெடுத்தால் பாதிப் பிரச்சினை தீரும். படத்தில் வெள்ளை வெள்ளையாகத் தெரிந்தால் மற்ற நிறமும் கிட்டத்தட்டச் சரி.

தீராத மீதிப் பாதி டபுள் ஷேட் சேலைகளில். மயில் கழுத்தை எடுத்துக்கொள்ளுங்கள். பாவு (நீளவாக்கில் ஓடும் நூல்) நீலம், ஊடை (குறுக்கே ஓடும் நூல்) பச்சை. நேராகப் பார்த்தால் ஒரு நிறம், சாய்த்துப் பார்த்தால் இன்னொன்று, மடிப்பில் மூன்றாவது. எந்தப் படமும் இதில் ஒன்றைத்தான் காட்டும். பச்சை என்று நினைத்து வாங்கியவருக்கு உடுத்தி நடக்கும்போது நீலம் அடித்தால் ஏமாற்றிவிட்டதாகவே தோன்றும். ஆகவே இவற்றுக்குப் படம் போதாது. முந்தியைக் கையில் பிடித்து மெல்ல அசைத்து, பத்து நொடி வீடியோ. கூடவே எழுத்தில்: "பாவு நீலம், ஊடை பச்சை, வெளிச்சத்துக்கு ஏத்த மாதிரி மாறும்." இதைச் சொன்னதால் வாங்காமல் போகிறவர் எப்படியும் திருப்பி அனுப்பியிருப்பவர்தான்.

நூலைப் பற்றிய உண்மையும் இதே கணக்கு. "சாஃப்ட் சில்க்" என்ற பெயரில் சந்தையில் ஓடும் பல சேலைகள் பட்டே கிடையாது. தெரிந்தே பட்டு என்று விற்பது ஒரு தடவைதான் நடக்கும். வீட்டில் யாராவது ஒரு பாட்டி முந்தி ஓரத்து நூலைப் பிரித்து நெருப்பில் காட்டுவார். பட்டு என்றால் முடி கருகும் வாடை வந்து சாம்பல் விரலில் பொடியும், பாலியஸ்டர் என்றால் உருகிக் கெட்டியாக உருண்டுகொள்ளும். சேலம் பக்கத்து இளம்பிள்ளையில் பவர்லூமில் ஓடிய சேலையை இளம்பிள்ளைச் சேலை என்றே சொல்லி விற்கலாம், அதற்கென்று வாங்குபவர்கள் ஏராளம். பட்டாக இருந்தால், அசல் பட்டு என்று சான்று சொல்லும் சில்க் மார்க் அட்டை இருக்கிறதா என்பதையும் முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது.

பார்சல் விஷயத்தில் ஊருக்கு ஊர் வழி வேறு. நகரத்துக்குத் தனியார் கூரியர் வேகம். கிராமத்துப் பின்கோடு என்றால் பல கூரியர்கள் பக்கத்து டவுன் ஆபீஸ் வரைதான் கொண்டுபோவார்கள். வாங்கியவர் பஸ் ஏறிப் போய் எடுக்க வேண்டும். அங்கே ஸ்பீடு போஸ்ட்தான் சரி, தபால்காரர் வீட்டுக்கே கொண்டுபோவார், அவருக்கு வீடும் தெரியும். எந்த வழியில் போன தடவை ஒழுங்காகப் போனது என்பதையும் ஷீட்டில் குறித்துவைத்தால் அடுத்த முறை கேட்கவே வேண்டாம். எடையையும் பாருங்கள். காட்டன் சேலை பெரும்பாலும் 500 கிராமுக்குள் அடங்கும்; அட்டைப்பெட்டி, பபுள் கவர் என்று அலங்கரித்து 540 ஆக்கினால் அடுத்த படிக் கட்டணம். நல்ல கனமான தண்ணீர் புகாத கவர் ஒன்று, உள்ளே ஒரு பாலித்தீன் உறை, போதும். புக்கிங் எண்ணை அன்று மாலையே அனுப்பிவிட வேண்டும், அவர் கேட்பதற்கு முன். கவுன்டரில் இருப்பவரோடு பழகிவைப்பது வாடிக்கையாளரோடு பழகுவதற்குச் சமம். பொங்கலுக்கு முந்தைய வாரம் பார்சல் மலையாகக் குவிந்திருக்கும்போது, உங்கள் பார்சல் எந்த மூட்டையில் கிடக்கிறது என்று தேடிச் சொல்லப்போவது அவர்தான்.

கோளாறு வராமல் இருக்காது. சேலை மாறிப்போகும், கரையோரம் இழை அறுந்திருக்கும், பார்சல் ஐந்து நாளாக ஒரே ஊரில் நிற்கும். "பார்சல் பிரிக்கும் வீடியோ இல்லையேல் மாற்றித் தரப்படாது" என்று கொட்டை எழுத்தில் போடும் வழக்கம் இப்போது எல்லாக் கடையிலும் இருக்கிறது. மோசடி செய்பவர்களும் இருப்பதால் அதைக் குறை சொல்ல முடியாது. ஆனால் நான்கு தடவை வாங்கியவரிடமும் வீடியோவைக் கேட்டு நிற்பது அந்த நான்கு தடவையையும் அழிப்பது. புதியவருக்கு வீடியோ, பழையவருக்கு வாய்ச்சொல் என்று வைத்துக்கொள்ளலாம். ஒரு சேலை நஷ்டமானால் 750 ரூபாய். அவர் வருஷத்துக்கு எடுப்பது எவ்வளவு என்று ஷீட் சொல்லும்.

குறை சொல்லி மெசேஜ் வந்தவுடன் காரணம் சொல்லத் தொடங்குவதுதான் எல்லோரும் செய்யும் தப்பு. கூரியர்க்காரன், நெசவாளர், மழை என்று பழியைத் தள்ளினால் வாங்கியவருக்கு என்ன பயன்? முதல் பதிலில் மூன்று விஷயம் போதும்: பார்த்தேன், என்ன செய்யப்போகிறேன், எந்த நாளுக்குள். "கரையில அறுந்திருக்கு, பார்த்துட்டேன்மா. வேற சேலை நாளைக்குக் கிளம்பும், வியாழக்கிழமைக்குள்ள வந்துரும். பழசைத் திருப்பி அனுப்புற செலவு என்னுது." விளக்கம் கேட்டால் பிறகு சொல்லலாம். தாமதம் என்றால் அவருக்குத் தெரிவதற்கு முன்னால் நீங்கள் சொல்லிவிட வேண்டும். அவர் கேட்ட பிறகு சொல்லும் அதே செய்தி சாக்குப்போக்காகத்தான் காதில் விழும்.

கைத்தறியில் எல்லாமே கோளாறு ஆகாது. அங்கங்கே சின்ன முடிச்சு, நூல் கொஞ்சம் தடித்த இடம், இரண்டு கரைக்கும் நூலளவு வித்தியாசம் இருக்கத்தான் செய்யும். அதை விற்கும்போதே படமெடுத்து அனுப்பிவிட்டால் தறியின் அடையாளம். பார்சல் பிரித்த பிறகு விளக்கினால் சமாளிப்பு.

பண விஷயத்தில் முகம் பார்த்து நடந்தால் மனக்கசப்புதான் வரும். போலி ஸ்கிரீன்ஷாட் காட்டிச் சேலை வாங்கிப்போகிறவர்கள் உண்டு. ஒருவரிடம் மட்டும் "பணம் வரலையே" என்றால் அவமானமாக எடுத்துக்கொள்வார். எல்லோருக்கும் ஒரே வரியை க்விக் ரிப்ளையில் (முன்பே எழுதிச் சேமித்துவைக்கும் பதில்) வைத்துவிடுங்கள்: "பேங்க்ல பணம் ஏறினதும் பேக் பண்ணிடறேங்க." யாருக்கும் உறுத்தாது. கடன், தவணை இரண்டும் நெருங்கியவருக்கும் வேண்டாம். பாக்கி வைத்தவர் கூச்சத்தில் ஸ்டேட்டஸ் பார்ப்பதைக்கூட நிறுத்திவிடுவார்; சேலைப் பணமும் போகும், ஆளும் போவார். சேலைச் சீட்டு நடத்தலாமே என்று யோசனை சொல்பவர்கள் வருவார்கள். பதிவு செய்யாமல் சீட்டு நடத்த 1982ஆம் ஆண்டின் சிட் ஃபண்ட் சட்டம் இடம் தராது. பத்துப் பேர் பணத்தைக் கையில் வைத்துக்கொண்டு தூங்குவதும் கஷ்டம்.

நாள் கிழமை தெரியாமல் சேலை விற்க முடியாது. முகூர்த்தச் சேலைக்கு ராகுகாலத்தில் பணம் அனுப்பமாட்டார்கள். சில வீடுகளில் செவ்வாய்க்கிழமை, அஷ்டமி, நவமியும் ஆகாது. "இப்பவே போட்டா ஆஃபர்" என்று அந்த நேரத்தில் நெருக்கினால் அபசகுனமாக எடுத்துக்கொள்வார்கள். "நல்ல நேரம் பார்த்துப் போடுங்க, எடுத்து வைக்கிறேன்" என்றால் கட்டாயம் போடுவார்கள். மார்கழியில் கல்யாணம் இல்லை, ஆனால் தை முகூர்த்தத்துக்குத் தேடுவது மார்கழியில்தான். வரலட்சுமி நோன்புக்கு ஒரு வாரம் முன்பே பார்சல் போய்ச் சேர்ந்திருக்க வேண்டும். துக்கம் நடந்த வீடு என்று தெரிந்தால் அவரைப் பிராட்காஸ்ட்டிலிருந்து எடுத்துவிட்டு, ஒரு வரி விசாரித்துவிட்டு, அவராக வரும்வரை சும்மா இருப்பது முறை. டொராண்டோவிலும் லண்டனிலும் இருப்பவர்கள் ஊரிலிருந்து கிளம்பும் சொந்தக்காரர் கையில் கொடுத்தனுப்பச் சொல்வார்கள். அந்த பிளைட் தேதிக்கு ஒரு நாள் தப்பினால் சேலை சென்னையிலேயே கிடக்கும், அதனால் முடியுமா முடியாதா என்பதை முதல் பேச்சிலேயே சொல்லிவிட வேண்டும்.

இதுவரை சொன்னது வாங்குகிற பக்கம். தருகிற பக்கத்தில் பலர் கோட்டை விடுகிறார்கள். மொத்த வியாபாரியின் குழுவிலிருந்து படத்தை எடுத்து வாட்டர்மார்க்கை வெட்டிப் போடுவதும், ஆர்டர் வந்த பிறகு "ஸ்டாக் இருக்கா" என்று கேட்பதும், இல்லையென்றதும் வாங்கியவருக்குப் பணத்தைத் திருப்பித் தருவதுமாக ஓடும் கடை நீண்ட நாள் தாங்காது. படம் நான்கு கை மாறி வருவதற்குள் சேலை விற்றுப்போயிருக்கும். பத்துச் சேலையானாலும் கையில் வாங்கி வைத்து விற்பது மேல்.

நெசவாளரிடமோ அவருக்குப் பாவு கொடுக்கும் மாஸ்டர் வீவரிடமோ நேரடியாக எடுப்பவர்கள் தறியின் கணக்கைப் புரிந்துகொள்ள வேண்டும். பட்டில் ஒரு பாவு பெரும்பாலும் மூன்று, நான்கு சேலைக்குப் போடுவார்கள். பாவின் நிறம் ஒருமுறை ஏறிவிட்டால் அந்தச் சேலைகள் முடியும்வரை மாறாது. ஊடையின் நிறத்தைச் சேலைக்குச் சேலை மாற்றலாம். ஆகவே வாடிக்கையாளர் "இதே டிசைன், உடல் மட்டும் வேற கலர்" என்று கேட்டால், தறியில் இப்போது என்ன பாவு ஓடுகிறது என்று விசாரிக்காமல் தலையாட்டக் கூடாது. ஒற்றைச் சேலைக்காகப் புதுப் பாவு போடச் சொல்லிவிட்டு, வாங்குபவர் மனம் மாறிவிட்டார் என்று கழன்றுகொண்டால் மீதிச் சேலைகளும் நெசவாளர் தலையில் விழும். அடுத்த முறை உங்கள் போனை அவர் எடுக்கமாட்டார், எடுக்கவும் தேவையில்லை. தனி ஆர்டருக்குப் பாதிப் பணம் முன்னால் வாங்கி, அன்றே அதைத் தறிக்கு அனுப்பிவிடுவதுதான் இரு பக்கத்துக்கும் நியாயம்.

மழைக்காலத்தையும் கணக்கில் எடுங்கள். ஐப்பசி, கார்த்திகையில் குழித்தறியின் குழிக்குள் ஈரம் ஏறும், சில வீடுகளில் தண்ணீரே ஊறும். பருத்திப் பாவுக்குக் கஞ்சி போட்டுத் தெருவில் நீட்டிக் காயவைக்கும் ஊர்களில் மழை விட்டால்தான் வேலை நடக்கும். தீபாவளி வருவதோ அந்த மழைக்குள். தீபாவளிக்கு வேண்டிய கைத்தறியை ஆவணியிலேயே சொல்லி வைக்காமல் புரட்டாசிக் கடைசியில் நெசவாளரை நெருக்குவது நம் தப்பு. சேலை கைக்கு வந்த அன்றே கூலிக்கணக்கை முடித்துவிட்டால், கடையில் கொடுப்பதற்கு முன் நல்ல சேலையின் படம் உங்களுக்கு முதலில் வரும். தறிக்காரரிடம் இதைவிடப் பெரிய சலுகை எதுவும் கிடைக்காது.

ஆள் சேர்த்துவிடுபவருக்குக் கமிஷன் கொடுக்கலாமா என்று கேட்பார்கள். வேண்டாம். காசு வாங்கிக்கொண்டு சிபாரிசு செய்கிறார் என்று தெரிந்தால் அவர் தோழிக்கு அவர்மேலும் நம்பிக்கை போகும், கடைமேலும் போகும். அடுத்த சேலைக்கு ஃபால்ஸ் தைத்து, முந்திக்குக் குஞ்சம் கட்டி அனுப்பினால் போதும்; எதற்கென்று சொல்லாமலே புரியும். குஞ்சம் கட்டுபவர், ரவிக்கை தைப்பவர், கவரிங் நகை விற்பவர் என்று நம்பகமான இரண்டு மூன்று பேரின் எண்ணை வைத்திருந்து, கேட்பவருக்குத் தருவதும் நல்லது. அவர்களிடமிருந்தும் ஆள் வரும்.

கேட்ட சேலை இல்லை என்றால் இல்லை என்று சொல்லிவிடுங்கள். நெகமம் காட்டன் கேட்பவரிடம் வேறு ஏதோ கட்டம் போட்ட காட்டனைக் காட்டி "இதுவும் அதே மாதிரிதான்" என்பது வீண் வேலை. நெகமத்தில் நேரடியாக எடுத்து விற்கும் இன்னொரு கடையின் எண்ணைக் கொடுத்து, "இவங்ககிட்ட கேளுங்க, நான் சொன்னேன்னு சொல்லுங்க" என்று அனுப்பலாம். அந்தக் கடைக்காரரிடமும் ஒரு வார்த்தை சொல்லிவைத்தால், சின்னாளப்பட்டிச் சுங்குடி கேட்டு அவரிடம் வருபவர் உங்களிடம் வருவார். இரண்டு பேருக்கும் சரக்கு வேறு வேறாக இருக்கும்வரை இது ஓடும். ஒரே மொத்த வியாபாரியிடம் எடுக்கும் இருவர் இப்படிக் கைகோத்தால் மாதக் கடைசியில் விலையில்தான் மோதிக்கொள்வார்கள்.